ஐந்து வருஷக் கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய உண்மையான பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் சல்லடை அக்காதான். அறுபதைத் தாண்டிய எலும்பு டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் கொஞ்சமும் கூச்சப்படாமல் "சொல்லுங்க தம்பி" என்பாள்.

கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், மருத்துவ நூலகம். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நூலகம் என்றதும் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே புத்தகத்தை யார் தொடுகிறார்கள், கரப்பான் பூச்சியைத் தவிர? டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இந்த நோய்க்காரருக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாமா, இதற்கு முன்னால் யாராவது கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்களா? உலகம் பூராவும் டாக்டர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அதில் வேண்டியதை மட்டும் சலித்தெடுத்து, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல வேண்டியது அக்கா. டாக்டர்களுக்கு அதைத் தேட நேரமும் கிடையாது, உண்மையைச் சொன்னால் தேடவும் தெரியாது. ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு, முதலில் வந்து நிற்பதைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். சளிக்கு வெந்நீரில் கால் வைத்தால் நல்லது என்று நாத்தனார் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "எத்தனை பேருக்கு வெச்சுப் பாத்தாங்க? வைக்காதவங்களுக்கு எத்தனை நாள்ல சரியாச்சு?" என்று அக்கா பிடித்துக்கொண்டாள். "அண்ணிகிட்ட குட் மார்னிங் சொல்லவே பயமா இருக்கு, விடிஞ்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க" என்பான் கொழுந்தன். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற அவள் கணவர் இதற்கெல்லாம் சிரிப்பதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுக்கென்று ஒரு கறாரான பழக்கம் உண்டு. முதலில் சீட்டு, பிறகுதான் வாய். என்ன வார்த்தை போட்டுத் தேடினாள், என்னென்ன வரம்பு வைத்தாள், எத்தனை கட்டுரை வந்தது, எத்தனையைத் தள்ளினாள் என்று ஒரு சீட்டில் எழுதி முடிக்கும்வரை பதில் சொல்ல மாட்டாள். எந்தக் கொம்பனாக இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். பதினெட்டு வருஷத்தில் அவள் சொல் பிசகியதில்லை என்ற பேர் இந்தச் சீட்டால் வந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் குழந்தைகள் டாக்டரம்மா வந்தபோது உட்காரவில்லை. கதவிலேயே நின்றார்.

"அக்கா, ஆறு வயசுப் பொண்ணு. அபூர்வமான தசை நோய் இருக்கு, உடம்புல வலுவே இல்ல. இப்ப ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. புது மருந்து எதுக்கும் அடங்கல. பழைய மருந்து ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா யாரும் தொடாதது. அதுக்கு அடங்கும்னு லேப்ல சொல்றாங்க. தசை நோய் இருக்கிற பிள்ளைக்கு அதைக் குடுத்து எங்கேயாவது ஏதாவது ஆயிருக்கான்னு பாருங்க. பதினோரு மணிக்கு ஏத்தணும்."

அக்கா தேடினாள். இரண்டே கட்டுரைகள் வந்தன. இரண்டிலும் கொடுத்திருந்தார்கள், எதுவும் ஆகவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறவரிடம் சீட்டு எழுதும்வரை இருங்கள் என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டுதான் இருக்கு டாக்டர். ரெண்டுலயும் பிரச்சனை இல்ல" என்றாள்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக வாய் முந்திக்கொண்டது. இடையில் சலவை அறை ஆள் ஒருத்தர் வந்து அடைத்துக்கொண்ட குழாயைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போனார். பதினொன்று பத்துக்குத்தான் சீட்டை எழுத உட்கார்ந்தாள். வார்த்தைகளை எழுதினாள். அடுத்தது வரம்பு. அதைப் பார்த்து எழுதத் திரையின் இடது ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

'கடந்த ஐந்து வருஷங்கள் மட்டும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. நேற்று மாலை ஒரு மாணவி புதிய கட்டுரைகள் மட்டும் போதும் என்று கேட்டபோது வைத்தது. அந்தத் தேடுதளத்தின் குணமே அப்படி. வைத்த வரம்பை நீங்களாக எடுக்கும்வரை அடுத்த தேடலுக்கும் அதையே ஒட்டிக்கொண்டு வரும். இதை எத்தனை மாணவர்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். மருந்தோ அரதப் பழசு. அதைக் கொடுத்த காலத்தில் எழுதியதெல்லாம் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தையதாகத்தானே இருக்கும்.

டிக்கை எடுத்தாள். இரண்டு, பதினாலானது.

ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். ஏழு கட்டுரைகளில் ஒரே சங்கதி. மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் மூச்சுத் தசை சோர்ந்துபோகிறது. ஒன்றில் இதே நோயுள்ள ஒன்பது குழந்தைகள். நாலு பேருக்கு மூச்சு தளர்ந்திருந்தது. ஒரு குழந்தையைச் செயற்கை மூச்சு மெஷினில் போட வேண்டியதாயிற்று.

வார்டுக்கு போன் போட்டாள். எங்கேஜ். டாக்டரம்மாவின் கைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி வார்டு, மறுபடி எங்கேஜ். அந்தக் கட்டுரைகளை அச்சடித்த தாளை உருவிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் காத்துக்கொண்டிருந்தன. படியைப் பிடித்தாள். ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, நாலு மாடி. மூன்றாவது மாடியில் செருப்பு கழன்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் கட்டில். சின்ன உடம்பு, பெரிய தலையணை. பக்கத்தில் அம்மாக்காரி பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டிரிப் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், அதை நிறுத்துங்க."

நர்ஸ் திரும்பினார். "அக்கா? என்ன இது, மூச்சிரைக்க... டாக்டர் எழுதினதை நான் எப்படி நிறுத்துறது?"

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"பதினொண்ணு அஞ்சுக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. "நான் தப்பாத் தேடிட்டேன் சிஸ்டர். டாக்டர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். என்னை அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க, இப்ப டாக்டரைப் பிடிங்க."

நர்ஸ் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனை எடுத்து ஐ.சி.யூ.வுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"கையுறை போட்டிருக்கேன், சீக்கிரம்" என்றது டாக்டரம்மாவின் குரல்.

"டாக்டர், நான் நூலகத்துலேருந்து. அஞ்சு வருஷ வரம்பு எடுக்காமத் தேடிட்டேன். மொத்தம் பதினாலு இருக்கு. ஏழுல மூச்சு சோர்ந்திருக்கு. இதே நோய், ஒன்பது பிள்ளைங்க, நாலு பேருக்கு. ஒருத்தருக்கு மெஷின்."

"என்ன அளவுல குடுத்தாங்க?"

அக்கா டிரிப் பாட்டிலில் ஒட்டியிருந்த அளவைப் பார்த்தாள். "நீங்க எழுதினதுல பாதி."

"சிஸ்டர், மூச்சு எவ்வளவு?"

நர்ஸ் எண்ணினார். அந்த அரை நிமிஷம் அக்காவுக்கு முடியவே இல்லை. "நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு டாக்டர், மேலோட்டமா இழுக்குது. காலைல இருபத்தெட்டு."

"நிறுத்துங்க. ஆக்சிஜன் வைங்க. நான் வர்றேன்."

நர்ஸ் டிரிப்பின் சக்கரத்தை உருட்டி மூடினார். டாக்டரம்மா வந்தார், மூச்சுக் குழாய்ப் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவரச் சொன்னார், லேப்பில் இரண்டாவதாகச் சொல்லியிருந்த வேறு மருந்தை எழுதினார். அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தாளை மட்டும் வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மூச்சு முப்பத்தாறுக்கு இறங்கியது. இன்னும் சரியாகவில்லை, ஆனால் மெஷின் வேண்டியிருக்கவில்லை. அக்கா சுவரோரம் நின்றபடியே இருந்தாள். போகச் சொல்லியும் போகவில்லை.

அம்மாக்காரி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க ஓடி வரலைன்னா என் பொண்ணு என்ன ஆகியிருப்பா. நீங்க நல்லா இருக்கணும்."

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கட்டிலருகே அவசரத்தில் பேசியது, பிள்ளையையே பார்த்திருந்தவள் காதில் ஏறியிருக்கவில்லை; நர்ஸும் வாய் திறக்க மாட்டார். இத்தனை பேர் நடுவில், அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிறவளிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

"இல்லம்மா. காலைல இதைக் குடுக்கலாம்னு டாக்டர்கிட்ட சொன்னதே நான்தான். சரியாப் பாக்காம சொன்னேன். என் தப்பு."

பிடி தளர்ந்தது. அம்மாக்காரி கையை எடுத்துக்கொண்டாள். கோபமா, புரியவில்லையா என்று தெரியாத ஒரு பார்வை. கட்டிலைப் பார்த்தாள், மூடியிருந்த டிரிப்பைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் புதிதாகத் தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள்.

"அப்ப இந்தப் புது மருந்து சரின்னு யாரு பாத்தா?" என்றாள்.

டாக்டரம்மா தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதியிருந்தார். இந்த நோயுள்ள பிள்ளைக்கு இதைக் கொடுத்து என்ன ஆனதென்று இன்னும் ஒருவரும் தேடவில்லை.

"யாரும் பாக்கலம்மா."

"நீங்க பாப்பீங்களா?"

"பாக்கறேன். ஆனா நான் மட்டும் பாத்தாப் பத்தாது. மருந்தாளுநர் ஒருத்தர் இருக்கார், அவரைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பாக்கறேன். எழுதி முடிக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அம்மாக்காரி கட்டிலுக்குத் திரும்பிப்போய்ப் பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை மெதுவாக வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸ் எண்ணியதை இத்தனை நேரம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"போய் நிதானமாப் பாத்துட்டு வாங்க" என்றாள். "அதுவரைக்கும் நான் எண்ணிட்டு இருக்கேன்."