சட்டை போட்ட காவல்நாய்

அவருக்கு ஊரில் ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். ஓர் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்க எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். உண்மையில் நான்கு ஆகும். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் குனிந்து நின்று அடுத்தவர் ஆடுகளைக் கத்தரித்ததில், சும்மா நடக்கும்போதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போலிருப்பார். மனைவி சலவைக்கடையில் கிழிசல் தைப்பவர். வீட்டுக்குப் பின்னால் வேலியிட்ட புல்வெளி, சொந்தமாக முப்பத்தெட்டுப் பெட்டை ஆடுகள், அவற்றுக்குக் காவலாக ஒரு வெள்ளை நாய்.

கன்றுக்குட்டி உயரம், ஐம்பத்தைந்து கிலோ. மந்தைக் காவலுக்கென்றே வளர்க்கப்படும் இனம். குட்டியாக வந்த நாளிலிருந்து ஆடுகளோடுதான் படுக்கை. வாரம் இருமுறை மனைவி இரும்புச் சீப்பால் அதன் முடியை வாரிவிடுவார். பின்னங்கால்களில் கூடுதலாக உள்ள இரட்டை விரல்களின் நகம் சதைக்குள் வளைந்துவிடாதபடி மாதம் ஒருமுறை வெட்டுவார்.

“இதுக்குச் செய்யறதுல பாதி எனக்குச் செஞ்சா நான் நிமிந்தே நடப்பேன்.”

“நீங்க நரியை விரட்டுங்க, செய்யறேன்.”

அந்தக் கோடையில் ஒரு வாரம் வெயில் கொளுத்தியது. நாய் இரைத்துக்கொண்டே கிடந்தது. ஆடுகளெல்லாம் கம்பளி இறக்கி லேசாகத் திரிய, இது மட்டும் போர்வையோடு கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மெஷினை எடுத்துத் தோல் தெரிய ஒட்டக் கத்தரித்துவிட்டார். வேலை சுத்தம், ஒரு கீறல் இல்லை.

புல்வெளிக்குள் விட்டதும் ஆடுகள் அதை அடையாளம் தெரியாமல் மிரண்டு ஓடின. மூலைவேலியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்தன. அத்தனையும் சினை, ஈனுவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இன்னொரு முறை இப்படி நெரிந்தால் குட்டிகள் கலைந்துவிடும். நாயை வெளியே கட்டினால், பிறக்கும் குட்டிகள் கல்குவாரிப் பக்கத்து நரிகளுக்குத்தான்.

மறுநாள் நாயின் முதுகு சிவந்து கன்றியிருந்தது. கால்நடை மருத்துவர் களிம்பு தடவிக்கொண்டே விளக்கினார்: மேலே நீளமுடி, அடியில் பஞ்சுமுடி, இரண்டும் சேர்ந்துதான் குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும்.

“அது கம்பளி இல்லைங்க, குடை. வெயில் நேரம் பாத்துப் புடுங்கிட்டீங்க.”

“ஆட்டுக்கு அப்படித்தானே செய்யறோம், டாக்டரம்மா?”

“இது ஆடு இல்லையே.”

முடி வளர மாதக்கணக்காகும், அதுவரை பருத்தித் துணியால் மூடி வையுங்கள் என்று சொல்லியனுப்பினார் மருத்துவர்.

மனைவி புதுத் துணியில் ஓர் உடுப்பு தைத்தார். அதைக் கண்டும் ஆடுகள் ஓடின. அன்று சாயங்காலம் மனைவி அழுக்குக்கூடையிலிருந்து அவருடைய வேலைச்சட்டைகள் இரண்டை விரல்நுனியால் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பளிப் பிசுக்கு ஊறி விறைத்துப்போன சட்டைகள்.

“உங்களைப் பாத்து ஆடு ஓடறதில்லையே. இந்த நாத்தத்தைத்தான் அதுங்க சொந்தம்னு நினைக்குது.”

இரண்டையும் சேர்த்துத் தைத்து, பொத்தான் வரிசை முதுகில் வரும்படி நாய்க்கு மாட்டினார். இந்த முறை ஆடுகள் பத்தடி விலகி நின்றன. ஒரு கிழ ஆடு மட்டும் வந்து காலரை முகர்ந்துவிட்டு மேயப் போனது. சாலையில் போன ஒருவர், இதில் முதலாளி யார் என்று கேட்டுவிட்டுப் போனார். ‘ரெண்டு நிமிஷம்’ வெளிவேலைகளை ஒத்திவைத்துவிட்டு, பகலெல்லாம் புல்வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விலகல் நாளுக்கு நாள் குறைந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் முதல் ஆடு ஈன்றது. குட்டி எழ முயன்று விழுந்தது. நாய் நான்கடி தள்ளி வந்து நின்றது. தாய் ஆடு, கிட்டே வராதே என்பதுபோல் முன்னங்காலைத் தரையில் தட்டியது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வயிறு தரையில் படியப் படுத்தது. ஆடு சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, குனிந்து குட்டியை நக்கத் தொடங்கியது.