காதர் பீரோவுக்குள்ள இருந்து சொன்னது

பீரோவுக்குள்ள ஒருத்தன் உக்காந்து அடிச்சான்னா வெளிய நிக்கிறவனுக்குப் பல்லு கூசும். டொங்கு டொங்குன்னு... இப்பவும் எங்கயாச்சும் தகரம் தட்டுற சத்தம் கேட்டா எனக்குக் கூசுது.

உச்சிப்புளியில நானும் காதரும் சேந்து போட் என்ஜின் ஒர்க்‌ஷாப் போடுறதுன்னு முடிவாகி, ஸ்பேனர் செட்டெல்லாம் வைக்க ராமநாதபுரத்துல ஒரு பழைய இரும்பு பீரோ வாங்குனோம். வண்டியில படுக்கப் போடுவோம்னு காதர் சொன்னான். நாந்தான் பெரிய இவனாட்டம், நிமித்திக் கட்டுனாப் போதும்னேன். வளைவுல கயிறு அத்து பீரோ ரோட்டுல கிடந்துச்சு. பக்கவாட்டுத் தகடு சட்டி மாதிரி உள்ள போயிருச்சு.

அந்த வாரம் பூரா காதர் முகங்குடுத்துப் பேசல.

கடையே அவன நம்பித்தான். நான் உத்தரகோசமங்கைப் பக்கம் மொளகா போடுற வீட்டுப் பய... என்ஜின்ல தெரிஞ்சது அரைகுறை. அவன் கடக்கரைப் பய, பெரியபட்டினத்துக்காரன், சத்தத்தக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிருவான். காதர் கூட இருக்கான்னு சொல்லித்தான் எங்க அய்யாவையே சம்மதிக்க வச்சேன்.

கடை திறப்புக்கு நாலு நாள் முந்தி, தகட்டுப் பள்ளத்த நிமித்தி டெண்ட் எடுக்க இறங்குனோம். தட்டெல்லாம் கழட்டிட்டு அவன் உள்ள போயி மரச்சுத்தியல்ல அடிக்கணும். நான் வெளிய கட்டைய அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, எங்க அடிக்கணும்னு சொல்லணும். உள்ள இருக்கவனுக்குப் பள்ளம் சரியாத் தெரியாதுல்ல. ஓரத்துலருந்து சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும். எடுத்ததும் நடுவுல போட்டா தகடு இழுத்துக்கிட்டு, ஆயுசுக்கும் டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டுக் கிடக்கும்.

பாதி வேல ஆயிருக்கும். சத்தம் நின்னுச்சு.

"மாப்ள... மலேசியா விசா வந்திருச்சுடா. பத்து நாள்ல போறேன். ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஏலல."

பீரோ விழுந்த கோவம்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்...

கட்டையப் பிடிச்சபடியே நின்னேன். ஆத்திரமா வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. வாயில வந்தது மட்டும், "கொஞ்சம் கீழ அடி"ங்கிறதுதான்.

அவன் அடிச்சான்.

அன்னைக்குத் துரு ஏறாம இருக்கப் பூசுற ரெட் ஆக்ஸைடு பூசாமலே ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். கடல் காத்து சும்மா விடுமா... மறுநா காலையில அடிச்ச எடமெல்லாம் துரு. அவந்தான் வந்து உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் பூசுனான். திறப்புக்கும் இருந்தான். அப்புறம் பிளைட் ஏறிட்டான்.

இப்ப என்ஜின் சத்தத்த வாட்ஸப்ல அனுப்புனா அங்கருந்தே சொல்லிருவான், நாசில்லப் பாரு, பம்பப் பாருன்னு. முக்கால்வாசி சரியாத்தான் இருக்கும். அவன் இல்லன்னா கடை நடக்காதுன்னு அப்ப நெனச்சேன். நடக்குது.

போர்டுல ரெண்டு பேரு பேரும் அப்படியே இருக்கு. புதுசா வர்ற போட்டுக்காரங்க, இதுல காதர் யாருன்னு கேப்பாங்க. செத்த வெளிய போயிருக்காரு, வந்துருவாருன்னு சொல்லுவேன்.

ஒன்பது வருசமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.