நீர்வேலிக் குசினியின் புகைக்கூடு

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கண் டாக்குத்தரிடம் போயிருந்தேன். பத்திரிகையை எட்ட எட்டப் பிடித்து, இனிக் கை நீளாது என்ற நிலைமை வந்துவிட்டது. அவர் இமையை விரித்து ஏதோ சொட்டுமருந்தை விட்டார். எரிந்தது பாருங்கள், ஓர் எரிவு! கண்ணாலும் மூக்காலும் தண்ணீர், வாயால் முனகல். பக்கத்திலிருந்த என் மனைவி பாக்கியம் சிரித்தாள்.

"உதுக்கே இவ்வளவு பாடு?"

அந்த "உதுக்கே"க்குள் இருபத்தைந்து வருடப் பழைய புகை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மர வாங்கிலே கிடந்தபோது அது எனக்கு மணத்தது. நீங்களும் வாருங்கள், நீர்வேலிக்குப் போவோம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியும் குடையுமாக அங்கே போய்ச் சேருவார். நானும் சேர்ந்தேன். மாமனார் வாழைத் தோட்டக்காரர். அந்த வளவில் என் மதிப்பு ஒரு நல்ல கதலிக் குலைக்குச் சற்றுக் கீழே.

ஓடு போட்ட பெரிய வீட்டுக்குத் தெற்கே, தனியாக நின்றது குசினி. கல்லுச் சுவர், தென்னோலைக் கிடுகுக் கூரை, ஒரு வாசல், பூனை மட்டும் நுழையக்கூடிய ஒரு யன்னல். அடுப்பில் பனைமட்டையும் பனங்கொட்டை ஊமலும் எரியும். மாரியில் எல்லாமே ஈரம். உள்ளே நிற்பது யார் என்று இருமலை வைத்துத்தான் சொல்லலாம். கட்டை இருமல் மாமி, நீட்டு இருமல் பாக்கியம். நான் தேத்தண்ணி கேட்டு வாசல்வரை போவேன். அதற்கு அப்பால் போவதற்கான துணிவை அரசாங்கம் எனக்குத் தந்திருக்கவில்லை.

மாமிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் என்னைச் செருப்புச் சத்தத்தில்தான் அடையாளம் காண்பார். ஒருநாள் வண்டில் கட்டி அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்குத்தரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"காலம் கடந்து போச்சு. எல்லாம் புகையாலை வந்தது." பிறகு பாக்கியத்தின் சிவந்த கண்ணைப் பார்த்தார். "நீரும் அந்தக் குசினியிலையோ சமைக்கிறீர்?"

வீடுவரைக்கும் பாக்கியம் வாய் திறக்கவில்லை. படலையைத் திறந்ததும் திறந்தாள்.

"அப்பு, குசினிப் புகை வெளியாலை போக ஒரு புகைக்கூடு கட்டவேணும்."

"விசர்க்கதை கதையாதை," என்றார் மாமனார். "புகை படாட்டில் கிடுகு உக்கிப்போம், மரத்தைச் செல் அரிச்சுப்போடும். கூரை நிக்கிறதே புகையாலைதான்."

அவர் சொன்னது பொய்யல்ல. ஊர் முழுவதும் அப்படித்தான் நம்பியது. ஊர்க் கூரைகளும் அப்படித்தான் நின்றன.

"கூரை உக்கினால் வேயலாம். என்ரை கண் உக்கினால் என்னத்தாலை வேயுறது?"

"எல்லாப் பொம்பிளையளும் உதுக்குள்ளைதானே சமைக்கினம்?"

"புகை போட்டுப் பழுக்க வைக்க நாங்கள் என்ன வாழைக்குலையளே?"

குலையைக் குழியில் இறக்கிப் புகை ஊதிப் பழுக்க வைக்கும் ஊரில், அதைத் தொழிலாகச் செய்கிறவரிடம் இப்படிக் கேட்டாள். மாமனார் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் மனதுக்குள் கைதட்டினேன். வெளியே தட்ட முடியாது. சாப்பாட்டு நெல் அவருடையது.

இந்த இடத்தில்தான் படித்தவன் குறுக்கிட்டான். என்னிடம் ஓர் இங்கிலீசுப் புத்தகம் இருந்தது. அதிலே ஆள் உயரத்துக்கு வாய் திறந்த ஓர் அடுப்படி, முன்னால் சாய்மனைக் கதிரையில் ஒரு துரை, காலடியில் நாய். நாய் எங்களிடமும் இருந்ததால் மிச்சத்தையும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். படம் கீறினேன். பெரிய வீடு வடக்கே இருக்கிறதே, மாமனாருக்குப் புகை போகக்கூடாதே என்று, கூட்டின் மேல்வாயைத் தெற்கே திருப்பினேன். மேசன் கந்தையா தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"ஐயா, சோளகக் காத்துத் துவங்கினால்?"

"படத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

படம் போட்டவனுக்குச் சோளகம் தெரியாது. வருடம் தவறாமல் தெற்கிலிருந்து வந்து என் வேட்டியைத் தலைக்கு மேல் தூக்குகிற காற்று எனக்கும் தெரியாமல் போனதுதான் படிப்பின் மகிமை.

கந்தையா படத்தின்படியே கட்டி முடித்தார். சோளகம் துவங்கிய அன்று காற்று அந்த வாய்க்குள் புகுந்து, இருந்த புகை எல்லாவற்றையும் கரியோடு சேர்த்துக் கீழே அனுப்பியது. முன்பு குசினிக்குள் புகை நின்றது. இப்போது ஓடித் திரிந்தது. பாக்கியம் வெளியே வந்தபோது பல் மட்டும் தெரிந்தது. மாமனார் இரும்பு அலவாங்கோடு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை.

"படிச்ச மாப்பிளை காத்துக்கு வாசல் வைச்சிருக்கிறார். விலகு பிள்ளை, இடிக்கப்போறன்."

பாக்கியம் விலகவில்லை. கூட்டில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"வீடு ஆற்றை பேரிலை, அப்பு?"

"என்ன கேள்வி இது?"

"சீதன உறுதியிலை ஆற்றை பேர் கிடக்கு?"

"நான் எழுதித் தந்த வீடடி!"

"ஓம், தந்தியள். தந்தாப்பிறகு ஏன் அலவாங்கோடை வாறியள்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உள்ளுக்கை வையுங்கோ."

வைத்தேன்.

அதற்குப் பிறகு வேலை அவளுடையது. இரண்டு நாள் முற்றத்தில் தேங்காய்த் தும்பைக் கொளுத்திப் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். கந்தையாவைக் கூப்பிட்டுக் கூட்டை முகட்டுக்கு மேலே இரண்டு முழம் உயர்த்தச் சொன்னாள். படத்தில் துரை முன்னால் குந்தியிருந்த அந்தப் பெரிய அடுப்பு வாயைச் செங்கட்டி வைத்துத் தன் நெஞ்சளவுக்குக் குறுக்கினாள். மேலே வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு வாய். ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் மூடி. சோளகத்துக்குத் தெற்கை அடைப்பது, வாடைக்கு வடக்கை அடைப்பது.

"அப்ப சோளகத்திலை புகை முழுக்கப் பெரிய வீட்டுக்கெல்லோ வரும்?" என்றார் மாமனார்.

"வந்தால் வரட்டும். கொஞ்ச நாளைக்கு நீங்களும் இருமுங்கோ."

வேலை முடிந்த அன்று மாமனார் வாசலில் நின்றார். அலவாங்கு கையிலேயே இருந்தது. நம்பிக்கையை இழக்காத மனிதர். மாமி சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் குந்தினார்.

"அடுப்பு மூட்டேல்லையே பிள்ளை?"

"மூட்டியாச்சு, ஆச்சி. உலை கொதிக்குது," என்றாள் பாக்கியம் தாயிடம்.

மாமி நம்பவில்லை. கையை நீட்டினார். சூடு பட்டது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"இது கட்ட எத்தினை நாள் சென்டது?"

"எல்லாமா ஒன்பது நாள், அம்மா," என்றார் கந்தையா.

"ஒன்பது நாளே," என்றார் மாமி.

நீட்டிய கையை மடக்கித் தன் கண் இமையைத் தடவினார். மாமனார் அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனார். அன்று மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிட ஒருவரும் போகவில்லை.

அவர் சொன்னது பிழையில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். மூன்றாம் வருடம் கூரை மரத்தைச் செல் பிடித்தது. பாக்கியம் மரத்தை மாற்றி ஓடு போட்டாள். இப்போது அந்தக் குசினியும் இல்லை. எங்கள் மகள், பெரிய வீட்டோடு சேர்த்து வேறு கட்டி, மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்துவிட்டாள். மாமனாரும் மாமியும் போய்விட்டார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் என் வயதுக்காரர்கள் கூடினால், பழைய குசினியில் புகை மணக்க மணக்க அவித்த பிட்டு இப்போது எங்கே என்று ஏங்குகிறார்கள். அவர்களில் ஒருவரும் அந்தக் குசினிக்குள் குந்தியிருந்து அடுப்பு ஊதியவர் அல்ல.

அந்த மணம் இல்லைதான். இல்லாமலே கிடக்கட்டும்.