என்னை நம்பிக் கொடுத்த வால்வு

மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை. எங்கள் கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால், ஆளுயரம் வளர்ந்த புல்லுக்கு நடுவே, மழைநீர்க் கால்வாய் ஓரம் குந்தி உட்கார்ந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு மூக்கருகே கொண்டுபோன அந்தக் காட்சிதான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நல்ல புடவை, நுனி சேற்றில் கிடக்கிறது, அதைக் கவனிக்கவே இல்லை. "அண்ணா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். பதினாறு வருஷமாக அந்த ஷெட்டில் இருந்தேன். ஒருநாளும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. "வெளிய போகுது மேடம்" என்றேன். "வெளியன்னா எங்க?" என்றார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல். அதைச் சொல்லும்போதே எனக்குத் தோன்றிவிட்டது, பயப்படுவதற்கு இன்னொரு விஷயம் கிடைத்துவிட்டதே என்று.

நான் பயந்த ஆள். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்கும் பயம்தான் காரணம் என்று அம்மா சொல்லும், இல்லை வறுமை என்று நான் சொல்வேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். திருவானைக்காவலில் கம்பெனி வேன் ஏறும்போது கேஸை மூடினோமா என்று நினைக்க ஆரம்பித்தால், திருவெறும்பூர் தாண்டும்வரை அதே நினைப்பு. எங்கள் கம்பெனி பெரியது இல்லை. இரும்பைக் கடைந்து, துளைபோட்டு, பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற இடம். நான் ஹெல்ப்பர். இரும்புச் சுருள் அள்ளுவது, ஆயில் ஊற்றுவது, தரை துடைப்பது என் வேலை.

பொருள் வாங்குகிற பெரிய ஆலைக்காரர்கள், சுற்றுச்சூழலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போட்டால்தான் ஆர்டர் என்று சொன்னதால் மேடத்தை எடுத்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பெண், வயது முப்பதுக்குள். எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் 'குப்பை மேடம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்று நிறத்தில் டப்பா வைத்தார் இல்லையா, அதனால். சாப்பாட்டு நேரத்தில் யாராவது கறிவேப்பிலையைத் தூக்கிக் காட்டி, "ஏம்ப்பா, இது பச்சையா நீலமா, மேடத்தைக் கேட்டுட்டு வா" என்பான். மேடம் காதில் விழும். "அதைச் சாப்பிட்டுருங்க, முடி நல்லா வளரும்" என்பார், கேட்டவனுடைய வழுக்கையைப் பார்த்து. சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆகும்.

சிரித்துக்கொண்டே நிறையச் செய்தார். கடைசல் மெஷினில் சூடு தணிக்கப் பால் மாதிரி வெள்ளையாக ஓடுகிற கூலண்ட் தண்ணீரை வாரம் ஒருமுறை கீழே கொட்டிக்கொண்டிருந்தோம். அதை வடிகட்டி மறுபடி ஊற்ற வைத்தார். ஆள் இல்லாத இடத்தில் ஓடிய ஃபேனை எல்லாம் நிறுத்தினார். மழைநீர்க் கால்வாய் வெளியே போகிற வாயில் ஒரு வால்வு வைக்கச் சொல்லி முதலாளியிடம் நான்கு மாதம் போராடி வாங்கினார். வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். நல்ல மழை பெய்தால், தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். அதைத் திருப்புகிற சக்கரத்தைத் தனியாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எனக்கு எதுக்கு மேடம், நான் பயந்த ஆளு" என்றேன். "அதனாலதான் அண்ணா உங்ககிட்ட குடுக்கறேன். பயப்படறவங்கதான் ரெண்டு தடவை பார்ப்பாங்க" என்றார். என் பயத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் ஷெட்டில் கழுவல். வருஷம் முழுக்கப் படிந்த எண்ணெய், கிரீஸ், தூள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பைப்பை வைத்து அடித்துவிடுவோம். மெஷின் பளபளவென்று நிற்கும், மறுநாள் சந்தனம் வைக்க. வருஷமெல்லாம் மேடம் சொட்டுச் சொட்டாக மிச்சம்பிடித்தது அந்த ஒரு மத்தியானத்தில் வாய்க்காலுக்குப் போய்விடும். அது அவருக்குப் புரிந்தபோது ஃபோர்மேன் அண்ணனிடம் போனார். ஃபோர்மேன் அண்ணன் பொன்மலையிலிருந்து வருகிறவர், கைசுத்தமான வேலைக்காரர். "வருஷத்துல ஒரு நாள் மெஷினுக்குக் குளியல் மேடம். அதுவும் வேணாம்னா எப்படி?" என்றார். "குளிக்க வேணாம்னு சொல்லலை. மரத்தூள் போட்டுத் துடைச்சு எடுங்க, தண்ணி மட்டும் வேணாம். பொட்டு நானே வந்து வைக்கறேன்" என்றார் மேடம். ஃபோர்மேன் அண்ணன் தலையை ஆட்டினார். ஆறு மூட்டை மரத்தூள் வந்து இறங்கியது.

கழுவல் அன்று மேடம் வீட்டில் கொலு, மத்தியானத்தோடு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, "வால்வு?" என்றார். "மூடித்தான் இருக்கு மேடம், மூணு தடவை பார்த்தேன்" என்றேன். அவர் போய் அரைமணி நேரத்தில் பைப்பை எடுத்துவிட்டார்கள். மரத்தூளில் துடைத்தது மங்கலாக இருக்கிறதாம், சாமி கும்பிடுகிற மாதிரி இல்லையாம். சாம்பல் நிறத் தண்ணீர் பின்னால் ஓடி வந்து கால்வாயில் நிறைந்தது. நான் சக்கரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

கால்வாய் நிரம்பித் தண்ணீர் ஷெட்டுக்குள் திரும்பியது. பின்சுவரில்தான் கரண்ட் போர்டு. அதற்குக் கீழே இரண்டு பேர் வெறுங்காலோடு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதையும் அவர்கள் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். என் தலைக்குள் அவர்கள் ஏற்கெனவே செத்துக் கிடந்தார்கள். "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? திறந்து வுடு, மழைத்தண்ணியோட போயிரும்" என்று ஃபோர்மேன் அண்ணன் கத்தினார். திறந்துவிட்டேன். சக்கரம் லேசாகத்தான் சுற்றியது, மேடம் மாதாமாதம் கிரீஸ் போடச் சொல்லியிருந்தார். மெயின் சுவிட்சை அணைத்திருந்தால் போதும் என்பது எனக்கு வேனில் ஏறிய பிறகுதான் தோன்றியது. கால்வாய் வால்வு திறந்தே கிடக்கிறது என்பதும் அப்போதுதான். வேனை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று ஒருவர் கேட்டில் வந்து நின்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர். சத்தம் போடவில்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பிடி சம்பா நாற்றை முதலாளி மேஜைமேல் வைத்தார். "கையில எடுத்துப் பாருங்க சார். பிசுபிசுங்குது" என்றார். நாற்று வெந்தது மாதிரி சுருண்டிருந்தது. "ரெண்டு நாள்ல நடவு. இனிமே நாத்துக்கு நான் எங்க போவேன்?"

வால்வு யார் பொறுப்பு என்று முதலாளி கேட்டார். நான் தண்ணீர் கேன் பக்கத்தில், நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். ஃபோர்மேன் அண்ணன் தரையைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான், அதுவும் கோபமாக இல்லை. எனக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "என் பொறுப்பு சார். அன்னிக்கு நான் இருந்திருக்கணும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். இன்றுவரை அது திறந்தபடியே இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் வேனில் அவர் முன்னால் ஜன்னலோரம், நான் கடைசி சீட்டில். 'மேடம், நான்தான்' என்கிற இரண்டு வார்த்தையைப் பால்பண்ணை ஸ்டாப்பிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காவிரிப் பாலம் வந்தது, போனது. நான் இறங்குகிற இடமும் வந்தது. "போயிட்டு வரேன் மேடம்" என்றேன். "நல்லா இருங்க அண்ணா. ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது கம்பெனி வாசலில் சுற்றுச்சூழல் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மேடம் இருந்த வேலை, ஆபீஸில் ஒருவர் மாதக் கடைசியில் நிரப்புகிற ஃபாரமாகிவிட்டது. இந்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் நான் ஒன்று செய்தேன். வால்வுச் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ஃபோர்மேன் அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை. "சரி விடுய்யா" என்று சொல்லி கழுவின தண்ணீரை இறைக்க ஒரு சின்ன மோட்டாரைக் கால்வாயில் இறக்கினார். பைப்பை மதில்மேல் வாய்க்கால் பக்கமாகப் போட்டார்கள். "வேணாம்ணே, அந்தாண்ட நாத்து வுட்டுருக்காங்கண்ணே" என்று நான் கத்தினேன். இவ்வளவு சத்தமாக என் ஆயுளில் பேசியதில்லை. "என்ன?" என்று காதருகே கை வைத்துக் கேட்டார் ஃபோர்மேன் அண்ணன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. "வருஷத்துல ஒரு நாள்தானேய்யா" என்றார், ரொம்பப் பிரியமாக.

அதற்கு அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில், காய்கறிக் கடையில் மேடத்தைப் பார்த்தேன். இப்போது ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலையாம். இடுப்பில் குழந்தை. அம்மா உடம்பு எப்படி என்று கேட்டார். நான் எதற்குப் பயந்தேனோ அதையும் கேட்டார்.

"பூஜைக்குக் கழுவினாங்களா அண்ணா? வால்வு?"

"வால்வைத் திறக்கவே இல்லை மேடம்" என்றேன்.

"நெஜமாவா?"

"சத்தியமா மேடம். சக்கரமே அங்க இல்லை. எங்க வீட்ல இருந்தது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் ஆட்டி, "மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றார். கடைக்காரர் எடை போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.