அவருக்குப் பதிலாக நான் சொன்னவை

என் கணவர் வாவிக் கரையிலிருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். மீன் வாடிகளுக்கும் தோணிக்காரருக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். உறைந்த பாளங்களைச் சறுக்குப் பலகையில் தள்ளிவிட, அவை வழுக்கிக்கொண்டு கீழே லொறிக்கு வரும். அவர் கீழே நின்று பிடிப்பவர். ஒரு மழைக்காலக் காலையில் பலகையின் கொக்கி கழன்றுவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த பாளங்கள் அவரை இடுப்பில் அடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தன.

ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் அடி. இடது கால் மரத்துப்போயிருந்தது. தடியூன்றி நடக்கலாம், பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றையும் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். சிறுநீரை அடக்கும் நரம்பு பழுதாகிவிட்டது. காலப்போக்கில் சரிவரலாம், வராமலும் போகலாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வவுணதீவுப் பக்கத்தில் எங்கள் வீடு. சாமத்தியப்பட்டு வயதுக்கு வந்த மகள் வீட்டில் இருந்தாள். அவளுக்குக்கூட இதை நாங்கள் சொல்லவில்லை. விடியுமுன் எழும்பித் துணிகளை அலசி, முன்வளவுக் கொடியில் போடாமல் குளியலறைக்குப் பின்னால் தகரத்தில் விரித்துக் காயவைப்பேன். அவர் சாரனுக்குள் மடித்த துணி கட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் நான்தான் கட்டிவிடுவேன். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. கட்டி முடிந்ததும் அவர் "சரி" என்பார். நான் கதவைத் திறப்பேன்.

தொழிற்சாலை முதலாளி தன் வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுத்துவைத்திருந்தார். விபத்தில் ஒருவர் நிரந்தரமாக இயலாதவரானால் முதலாளி கொடுக்க வேண்டிய நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனி கட்டும். முதலாளி கெட்டவர் அல்லர். பத்திரங்களை அவரே நிரப்பி அனுப்பினார். சில வாரங்களில் கம்பனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். வீடு தெரியாமல் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். வழி காட்ட வந்த பக்கத்து வீட்டு அக்கா, போகாமல் விறாந்தைக் கதிரையில் தானும் இருந்துவிட்டார். என் கணவர் உள்ளே கட்டிலில் இருந்தார். நடுவே ஒரு சீலைத் திரைதான்.

வந்தவர் மரியாதையான மனிதர். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இப்ப எப்பிடி அக்கா இரிக்காரு?" என்று கேட்டார்.

"இப்ப சுகம். தடியோட நடக்காரு."

"தன்ட வேலையளத் தானே பாக்காரா? குளிக்கிறது, கக்கூசுக்குப் போறது, உடுப்பு மாத்துறது?"

பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் கட்டில் சத்தம் போடாமல் இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எல்லாம் அவரே பாப்பாரு," என்றேன். "ஒருத்தர்ர உதவியும் தேவையில்ல. இன்னங் கொஞ்ச நாள்ள வேலைக்குப் போயிருவாரு."

வேலைக்குப் போவதைப் பற்றி வந்தவர் கேட்கவேயில்லை. நானாகச் சேர்த்தேன். மனிதர் அதை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். உள்ளே போனபோது என் கணவர் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கம்பனி மறுத்துவிட்டது. கடிதம் இங்கிலீசில் இருந்தது. மகள் வாசித்து, "அப்பாக்கு நிரந்தர இயலாமை இல்லையாம் அம்மா," என்றாள். முதலாளியிடம் போனேன். "தங்கச்சி, கம்பனி தரமாட்டன் எண்டா நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். அவர்தான், டவுனில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் அலுவலகம் ஒன்று இருக்கிறது, போய்க் கேட்டுப் பார் என்றும் சொன்னார். தனக்கு எதிராகவே வழக்கு வரும் என்று யோசிக்காமல் சொன்னாரோ, தெரிந்துதான் சொன்னாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே என்னை இருத்திக் கதைத்த சட்டத்தரணி ஏறாவூரைச் சேர்ந்த முஸ்லிம் பெண்பிள்ளை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே பேசுவார். வயதில் என்னைவிட மிக இளையவர். கடிதத்தை வாசித்துவிட்டுக் கம்பனியிடம் விசாரணை அறிக்கையை எழுதிக் கேட்டார். அது வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதில ஒரு வசனம் இரிக்கு. அவருக்கு ஒருத்தர்ர உதவியும் தேவையில்ல, கெதியா வேலைக்குப் போயிருவார் எண்டு மனைவி சொன்னாவாம். இது நீங்க சொன்னதா?"

ஓம் என்றேன்.

"உண்மையா?"

தலை நிமிர்த்தாமல் இருந்தேன். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். துணி, தகரம், இரவில் படுக்கையில் விரிக்கும் றப்பர் சீட், கலியாண வீட்டுக்குக்கூட அவர் போகாதது. எத்தனையோ மாதம் வாய்க்குள் கிடந்தது, ஒரேயடியாக வந்துவிட்டது. அந்தப் பிள்ளை எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இதுதான் கேஸ் அக்கா," என்றார். "காலுக்கு அவங்க மறுமொழி வச்சிருக்காங்க. கதிரையில இருந்து செய்யிற வேலை செய்யலாம் எண்டுவாங்க. இதுக்கு மறுமொழி இல்ல. ஆனா டொக்டர் எழுதின துண்டு மட்டும் போதாது. நீங்க சொன்ன சொல்லு அங்க கிடக்கு. அத நீங்கதான் வந்து மாத்தணும்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ் வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது வாவியில் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பொய்யால் அவருக்கு வரவேண்டியதை நிறுத்தினேன். இனி உண்மையைச் சொல்லி அவரை ஊர் முன்னால் நிறுத்த வேண்டும். வீட்டில் அவரிடம் பாதியைத்தான் சொன்னேன். கேஸ் போடப் போகிறோம், விசாரணைக்கு நீங்களும் வரவேண்டும், அவ்வளவுதான்.

"வேணாம் புள்ள. நடந்தது நடந்திட்டு. கோட்டு கச்சேரி எண்டு அலையேலா."

"மகளப் பாருங்க. அவள்ர படிப்ப யோசிங்க."

மகளைச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். விசாரணை நாளில் நான் என்ன பேசப்போகிறேன் என்பதை அவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. சட்டத்தரணி அதற்கு முதல்நாள் போன் எடுத்து, "அவருக்குத் தெரியுந்தானே அக்கா?" என்று கேட்டபோது, ஓம் என்று சொல்லிவிட்டேன்.

தொழில் அலுவலகத்து மாடியில் ஓர் அறையில் விசாரணை நடந்தது. நீதிமன்றம் போல இல்லை. நீட்டு மேசை, ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி, எழுதுகிற ஒருவர், எங்கள் சட்டத்தரணி, கம்பனியின் சட்டத்தரணி, முதலாளி. என் கணவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, முதலாளிக்கு நேர் எதிரே இருந்தார். முதலாளி எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார். இவர் சிரித்துக்கொண்டு "ஓம் முதலாளி" என்றார்.

அதிகாரி முதலில் இவரிடம்தான் கேட்டார். விபத்தைப் பற்றி நன்றாகச் சொன்னார். கொக்கி எப்படிக் கழன்றது, யார் சத்தம் போட்டார்கள், எல்லாம். பிறகு அதிகாரி, "இப்ப உடம்பில என்ன பிரச்சின இரிக்கு?" என்றார்.

"கால் கொஞ்சம் மரப்பு ஐயா."

"வேற?"

அவர் மேசையைப் பார்த்தார். தடியின் பிடியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். மின்விசிறி மட்டும் சுற்றியது. அந்த நேரம் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் எழும்பினேன்.

"ஐயா, அவருக்குச் சொல்ல வெக்கம். நான் சொல்றன்."

சொன்னேன். சட்டத்தரணியிடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன அத்தனையையும் அங்கே திரும்பச் சொன்னேன். எழுதுகிறவர் கையை நிறுத்தி, "எத்தின தரம் மாத்துவீங்க?" என்று கேட்டபோது அதற்கும் மறுமொழி சொன்னேன். முதலாளி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரின் பக்கம் நான் திரும்பவேயில்லை.

கம்பனியின் சட்டத்தரணி அறிக்கையை எடுத்தார். "அம்மா, அண்டைக்கு நல்ல சுகம் எண்டு சொல்லியிரிக்கீங்க. இண்டைக்கு இப்பிடிச் சொல்றீங்க. எது பொய்?"

"அண்டைக்குச் சொன்னதுதான் ஐயா பொய்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அவர் உள்ளுக்க இருந்து கேட்டுக்கொண்டிருந்தாரு."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் சட்டத்தரணி ஆஸ்பத்திரித் துண்டுகளைக் கொடுத்தார். மருத்துவச் சபைக்கு அனுப்பும்படி அதிகாரி எழுதினார். சபையும் நிரந்தர இயலாமை என்று சொன்னது. பிறகு இன்னும் இரண்டு தரம் விசாரணைக்குப் போய்வந்து, கம்பனி கட்டச் சம்மதித்தது. நாங்கள் வென்றோம். சட்டத்தரணிக்குப் பழமும் வெற்றிலையும் கொண்டுபோனேன். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

விசாரணை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவர் யன்னல் பக்கம் இருந்தார். எனக்கு ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனி நானே கட்டுறன்," என்றார். துணிகளைத் தானே அலசத் தொடங்கினார். குனிய முடியாது. ஒரு கையால் சுவரைப் பிடித்து மறு கையால் அலசுவார், அழுக்குப் போகாது. அவர் தூங்கியபின் நான் எடுத்துத் திரும்ப அலசி அதே இடத்தில் போடுவேன். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை. குடித்தால்தானே துணி நனையும். காய்ச்சலும் உடம்பை உலுக்கும் குலைப்பனும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி, சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார்கள். வார்டில் டொக்டர் அவரை ஏசினார். "தண்ணி குடிக்காம ஏன் இருந்தீங்க?" அவர் ஏன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாடி அறையில் நான் பேசிய அன்றிலிருந்து அவர் தன் உடம்பை ஒறுத்துக்கொண்டிருந்தார்.

டொக்டரும் தாதிமாரும் போன பிறகு அவருடைய கட்டிலடியில் நின்று, "நான் அங்க அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடா," என்றேன்.

அவர் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டார். "சொன்னதில பிழையில்ல புள்ள. அது இல்லாட்டிக் காசு வராது. ஆனா முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கிட்டத்தான் நான் இவ்வளவு காலம் ஆம்பிளையா வேல செஞ்சன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வார்டில்தான் ஒரு தாதி அவருக்குக் குழாய் போட்டுச் சிறுநீரை நேரத்துக்கு எடுப்பதைப் பழக்கினார். என் கணவர் கெட்டிக்காரர், விரைவில் பிடித்துக்கொண்டார். வந்த காசில் அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டினோம். துணி இப்போது அநேகமாகத் தேவைப்படுவதில்லை. மகள் கம்பசில் படிக்கிறாள். எப்படியோ அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. விடுமுறையில் வரும்போது குழாய்களை அவளே பாமசியில் வாங்கி வருகிறாள்.

போன மாதம் சட்டத்தரணி போன் எடுத்தார். உன்னிச்சைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, புருசனுக்குக் கல்லுடைக்கிற இடத்தில் தலையில் அடி, கம்பனி மறுத்துவிட்டது, விசாரணையில் பேசப் பயப்படுகிறாள், ஒருதரம் உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னேன்.

வந்தவள் சின்னப் பெண். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்னத்தச் சொல்லணும் அக்கா?" என்றாள். "அவருக்கு மறதி. சில நேரம் என்னயே ஆரெண்டு கேப்பாரு. அத எப்பிடி ஆக்களுக்கு முன்னால சொல்றது?"

உண்மையைச் சொல் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. "முதல்ல அவருக்கிட்டக் கேளுங்க," என்றேன். "எதச் சொல்லலாம், எதச் சொல்லக் கூடாதெண்டு."

"வேணாமெண்டு சொன்னா?"

அப்போது என் கணவர் உள்ளேயிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கதிரையை இழுத்து அவள் எதிரே இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு இடையில் ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை மூடவேண்டும்போல இருந்தது. சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"தங்கச்சி," என்றார். "எனக்கு மூத்திரம் தானாப் போகும். அடக்கேலா. குழாய் போட்டுத்தான் எடுக்கன். முதல்ல சொல்ல வெக்கமா இரிந்திச்சி. அவருக்கும் அப்பிடித்தான் இரிக்கும். கொஞ்சம் நேரம் குடுங்க, அவரே சொல்லுவாரு."

அவள் தலையாட்டினாள். அவர் பிறகு விபத்தைப் பற்றியும் மருத்துவச் சபையில் என்ன கேட்பார்கள் என்பதைப் பற்றியும் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குப் போய்விட்டேன். அந்த மாடி அறையில் அவர் எவ்வளவு நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். அதிக நேரம் இல்லை. நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.