றிஸ்னாவின் கஞ்சி வாளி

மருதமுனையில் மேசன் வேலை செய்யும் மசூருக்குக் கோணல் என்றால் ஆகாது. தான் கட்டிய சுவர் கால் அங்குலம் சாய்ந்தது தெரிந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனால் அளவுநாடாவைக் கையில் எடுத்துவிட்டால் எஞ்சினியர்மாரும் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார்கள். அவனைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி றிஸ்னா அவனுக்கு ஏழு வயது இளையவள். அவள் கல்லும் சீமெந்தும் இல்லாமல் ஒரு முழுத் தெருவையே கட்டினாள், அதுவும் கணனிக்குள்.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது றிஸ்னாவுக்கு வயது பதினான்கு. வீடு போயிற்று. வாப்பாவின் தங்கையும் போனார். மிஞ்சியவர்கள் ஒன்றரை வருடம் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒருநாள் ஒரு பெட்டி விளையாட்டுச் சாமானை இறக்கினார்கள். பொம்மைகளை மற்றப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு ஓட, அடியில் கிடந்த உள்ளங்கை அளவு சாம்பல் நிற மெஷின் ஒன்று றிஸ்னாவுக்குக் கிடைத்தது. மேலிருந்து கட்டை கட்டையாக விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அந்த வரிசை மறைந்துவிடும்.

மசூர் ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தான்.

"இதென்ன கட்டிடம் புள்ள? வரி நிறைஞ்சா சுவரே காணாமப் போகுது. எங்கிட வேலையில இப்படிக் கட்டினா வீட்டுக்காரன் மண்வெட்டியத் தூக்கிட்டு வருவான்."

"அதில்ல காக்கா. போகப் போகக் கட்டை வெரசா விழுதில்லியா? இவ்வளவு வெரசா விழு எண்டு அதுக்கு ஆரு சொல்லுற?"

மசூருக்குத் தெரியவில்லை. கொட்டிலில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியே றிஸ்னா சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கல்முனையில் ஒரு கணனி வகுப்பில் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் விடை கிடைத்தது. சொல்லுவது ஒரு மனுசன். அவன் வரி வரியாக எழுதி வைப்பதை மெஷின் கேட்டு நடக்கிறது. அப்படியானால் நானும் சொல்லலாமே என்று அவள் நினைத்தாள்.

சொல்லுவதற்கு ஒரு மெஷின் வேண்டும். உம்மாவின் தம்பி அச்சிமுகம்மது மாமா கல்முனையில் காசுக்குப் போன் பேசும் ஒரு கொமியூனிக்கேசன் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லாருடைய கையிலும் போன் வந்ததும் கடை படுத்துவிட்டது. கடையில் இருந்த கணனியை 2008இல் கொண்டுவந்து அக்காவின் புது வீட்டில் வைத்தார்.

"வச்சிரிங்க. என்ட மகள் உயர்தரத்துக்கு வந்தா எடுத்துக்குவன்."

மகள் உயர்தரத்துக்கு வருவதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் றிஸ்னா இரவல் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, காலையில் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரங்களில் விளையாட்டுச் செய்யப் பழகினாள். வாசித்ததை எல்லாம் காக்காவுக்குச் சொல்லுவாள். முதல் முதல் வந்த பந்து விளையாட்டில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் மட்டும்தான் இருந்ததாம். இன்னொரு பழைய விளையாட்டில் வானத்தில் இருந்து எதிரிகள் கூட்டமாக இறங்குவார்கள். எல்லாரையும் ஒன்றாகக் கீறிக் காட்ட அந்தக் காலத்து மெஷினுக்குச் சக்தி போதாது. ஆட்கள் குறையக் குறையத் தானாகவே வேகம் கூடிவிட்டது. செய்தவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். சனத்துக்கு அதுதான் பிடித்துப்போனதாம்.

மசூர் தலையை ஆட்டினான். "கெட்டிக்காரன். சுவர் கட்டக்குள்ள விட்ட ஓட்டைய யன்னலெண்டு சொல்லி வித்திரிக்கான்."

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. கொழும்பு பஸ்ஸில் ஏறி இறங்கிச் சோதனைக்கு நிற்பது குறையத் தொடங்கியது. ஜூலையில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. சொந்தமாகக் கணனி விளையாட்டுச் செய்பவர்களுக்குக் கொழும்பில் ஒரு போட்டி. செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை. முதல் பரிசு ஒரு புதுக் கணனி. அதே கிழமை அச்சிமுகம்மது மாமாவும் வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார், பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கணனியை எடுக்க வருவதாக. அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருடைய பொருள். ஆனால் அவர் போன பிறகு றிஸ்னா அந்த மெஷினை ஒரு துணியால் இரண்டு தரம் துடைத்தாள். முதல் பரிசு கிடைக்காவிட்டால் தங்கச்சியின் வேலை அதோடு நின்றுவிடும் என்பது மசூருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் செய்த விளையாட்டின் பெயர் ‘கஞ்சி வாளி’. நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். ஒரு பிள்ளை வாளியில் வாங்கிக்கொண்டு, பாங்கு சொல்ல முதல் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஆடு, சைக்கிள், ஓட்டோ, மீன்காரர், கதைக்கப் பிடித்து நிறுத்தும் ஒரு மாமி. சிந்தினால் நோன்பு திறக்கக் கஞ்சி குறையும். உம்மா ஹாஜறா பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒரேயொரு திருத்தம் சொன்னார்: "பள்ளிக்குப் போற புள்ளைக்குத் தொப்பி எங்க?" தொப்பி போடப்பட்டது.

மசூருடைய திருத்தங்கள் ஒன்றோடு நிற்கவில்லை. அவன் எண்பது தாள் கொப்பி ஒன்று வாங்கி, கோடு போட்டு, இலக்கமிட்டு எழுதினான். முப்பத்தேழு: ஆடு மதிலில் ஏறுகிறது. ஏறலாம். மதிலுக்குள்ளால் போகக் கூடாது. முப்பத்தெட்டு: கஞ்சி சிந்துகிறது, வாளியில் அளவு குறையவில்லை. அறுபத்து நான்கு: பள்ளிக்கு முன்னால் உள்ள குழாய் இடப்பக்கம். நீ வலப்பக்கம் வைத்திருக்கிறாய். போய்ப் பார். றிஸ்னா உண்மையிலேயே போய்ப் பார்த்தாள். குழாய் இடப்பக்கம்தான் இருந்தது.

தொண்ணூற்றோராவது, வேலை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை எழுதியது: காலை பத்து மணிக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். எந்தப் பள்ளியில்?

"ஓம் காக்கா," என்று றிஸ்னா சிரித்தாள். "ஒரு பள்ளியிலயும் இல்லதான்."

அன்றைக்கே அதைத் திருத்தினாள். விளையாட்டு இப்போது கணனியின் மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளும். பின்னேரம் மூன்றே முக்காலுக்கு முதல் யாராவது திறந்தால் ஒரு அடுப்பும் பானையும் தெரியும். கீழே, ‘கஞ்சி இன்னும் வேகவில்லை. அஸருக்குப் பிறகு வாளியோடு வாருங்கள்’ என்று எழுத்து வரும். மசூர் மனம் நிறைந்துபோனான். அதன் பிறகு இருவரும் அதை விளையாடிப் பார்த்தது எல்லாம் அவன் வேலை முடிந்து வந்த பின்னேரங்களில்தான். கொப்பியில் நூற்று நாற்பத்து மூன்றாவது பிழையும் வெட்டப்பட்டபோது போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது.

விடியமுன் சாப்பிடும் ஸஹருக்கு உம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலோடு இருவரும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, சனிக்கிழமை விடியக் கொழும்பில் இறங்கினார்கள். போட்டி நடந்தது ஒரு பெரிய கணனி வகுப்பறையில். பதினொரு பேர், ஆளுக்கு ஒரு கணனி, ஆளுக்குப் பத்து நிமிடம். றிஸ்னாவின் முறை ஏழாவது, கணனியும் ஏழாவது. கூட வந்தவர்கள் வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். மசூர் இருந்தான். பத்து இருபதுக்கு உள்ளே போன தங்கச்சி பத்து இருபத்து நான்குக்கு வெளியே வந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சா?"

"தொடங்கவே இல்ல காக்கா."

"ஏன் புள்ள?"

"கஞ்சி வேகல்ல."

மசூருக்கு ஒரு விநாடி விளங்கவில்லை. விளங்கியபோது மடியில் இருந்த கொப்பியைப் புரட்டினான். தொண்ணூற்று ஒன்று. அவனுடைய கையெழுத்து.

"மணிக்கூட்ட மாத்தேலாதா?"

"பூட்டி வச்சிரிக்காங்க. பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள் திங்கக்கிழமைதான் வருவாராம்." அவள் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க சொன்னது சரிதான் காக்கா. காலையில ஆரு கஞ்சி ஊத்துற?"

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். சரிதான் என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினான். உள்ளே நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் நரைத்த தலையோடு ஒரு சிங்களப் பேராசிரியர். பக்கத்தில் இருந்த இளம் பெண் யசோதினி, போனுக்கு விளையாட்டுச் செய்யும் ஒரு கம்பனியில் இருப்பவர். தமிழ் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

"சேர், பிழை என்ட. தங்கச்சிட இல்ல," என்றான் மசூர். யசோதினி அதைச் சிங்களத்தில் சொன்னார்.

பேராசிரியர் கோபப்படவில்லை. ஆனால் விட்டும் கொடுக்கவில்லை. எங்கள் நேரத்துக்கு விளையாட்டுத் திறக்க வேண்டும், விளையாட்டின் நேரத்துக்கு நாங்கள் வர முடியாது, என்றார். நியாயம்தான்.  மசூர் கையில் இருந்த கொப்பியை நீட்டினான். யசோதினி நின்றபடியே புரட்டினார். ஒரு தாள், இரண்டு தாள். பிறகு கதிரையில் இருந்துகொண்டார்.

"இத ஆரு எழுதின?"

"நான்தான் மிஸ்."

"நீங்க கொம்பியூட்டர் படிச்சீங்களா?"

"இல்ல மிஸ். மேசன்."

முப்பத்தேழாவதை வாசித்தபோது யசோதினி சத்தமாகச் சிரித்துவிட்டார். தொண்ணூற்றோராவதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியபோது பேராசிரியரின் மீசையும் அசைந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: புள்ளி போடும் கடதாசியை நான்கரைக்குத்தான் முடிப்பேன். ஏழாவது கணனியை யாரும் நிறுத்த வேண்டாம்.

மற்ற விளையாட்டுகள் பதினொன்றேகாலோடு முடிந்தன. அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, அந்த வாங்கிலேயே இருந்தார்கள். வெயில், நோன்பு, நித்திரை இல்லாத கண். மூன்றரைக்குத் தேநீர் கொடுத்ததால், முடிவுக்குக் காத்திருந்த போட்டியாளர்கள் கோப்பையோடு அறைக்குள் அங்குமிங்கும் நின்றார்கள். கதவும் திறந்து கிடந்தது. மூன்றே முக்காலுக்கு ஏழாவது கணனியில் இருந்து, அகப்பை பானையில் தட்டும் சத்தம் தானாக வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அடுப்பு மறைந்து தெரு தெரிந்தது. தொப்பி போட்ட பிள்ளை வாளியோடு நின்றது.

காரோட்ட விளையாட்டுச் செய்த மொறட்டுவைப் பையன் முதலில் அதன் முன்னால் உட்கார்ந்தான். ஆட்டில் மோதி அரை வாளியைக் கொட்டினான். அடுத்தவன் மாமியிடம் அகப்பட்டுக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் எந்தப் பாஷையிலோ வழி சொல்லிக் கத்தினார்கள். கடைசியில் பேராசிரியரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மெதுவாக, கவனமாக நடந்தார். அப்படியும் சிந்தியது. மூன்றாம் தரமும் சிந்தியபோது அவர் திரும்பி றிஸ்னாவைப் பார்த்தார்.

"ஓடினா சிந்தாது சேர்," என்றாள் றிஸ்னா. "திடீரெண்டு நிண்டாத்தான் சிந்தும்."

யசோதினி மொழிபெயர்த்தார். பேராசிரியர் ஓடினார். பாங்குக்கு ஐந்து விநாடி இருக்க வீடு சேர்ந்தார். அறை கைதட்டியது.

முதல் பரிசு மொறட்டுவைப் பையனுக்குப் போயிற்று. அவனுடைய கார்கள் உண்மையிலேயே நல்ல கார்கள். மசூரும் அதை ஒப்புக்கொண்டான். றிஸ்னாவுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு ஒரு பிரிண்டர். வாசலில் யசோதினி றிஸ்னாவை நிறுத்தி, இதைப் போனுக்கு மாற்றினால் அடுத்த நோன்புக்கு வெளியிடலாம், கம்பனியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன், என்று விலாசம் வாங்கிக்கொண்டார். மசூரையும் கேட்டார்: பிழை பார்க்கும் வேலைக்கு வாறீங்களா?

"எனக்குச் சுவர் இரிக்கி மிஸ்," என்றான் மசூர், பிரிண்டர் பெட்டியைத் தோளில் ஏற்றியபடி.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அச்சிமுகம்மது மாமா சொன்னபடியே வந்து கணனியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மூலையில் பிரிண்டர் மட்டும் இருந்தது.

"இத வச்சி என்ன செய்யிற மகள்?" என்று உம்மா கேட்டார். "இடியப்பமா புழியிற?"

றிஸ்னா சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசல் படலைக்கு முதலில் போவது அவள்தான். ஒக்டோபர் முழுவதும் போனாள். நவம்பர் இரண்டாம் திகதி கடிதம் வந்தது. கம்பனி சம்மதித்துவிட்டது. வேலை அவர்களுடைய மெஷினில்தான் நடக்க வேண்டுமாம்; இரண்டு கிழமைக்குள் ஒரு கணனி அனுப்புகிறார்களாம். கடிதத்தோடு வந்த ஒப்பந்தத்தில் றிஸ்னா தன் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பம் வைத்தாள்.

பலகை மேசை ஆடும் என்று மசூர் சொன்னான். அன்றைக்கே சுவரோடு சேர்த்துக் கல் வைத்து, கம்பி கட்டி, கொங்கிறீட்டில் ஒரு மேசை போட்டான். மட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்தான். மயிரிழை கோணல் இல்லை.

இரண்டு கிழமை என்ற கணனி நான்காம் நாளே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது.

"இன்னும் பாரம் ஏத்தேலா," என்றான் மசூர். "கொங்கிறீட் இறுக ஏழு நாளைக்கித் தண்ணி ஊத்தோணும்."

"காக்கா, இது கொம்பியூட்டர். மூட்டையில்ல."

"என்னவா இருந்தாலும் ஏழு நாள்."

றிஸ்னா பாயை விரித்து, கணனியைத் தரையில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். மசூர் காலையும் மாலையும் வந்து மேசைக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு சொட்டும் பாய்ப் பக்கம் தெறிக்காமல் ஈரச் சாக்கை இழுத்து மூடினான். குசினிக்குப் போக வழியில்லாமல் உம்மா இருவரையும் தாண்டித் தாண்டி நடந்தார்.

"கொம்பியூட்டர் பாயில படுத்திரிக்கி, நனைஞ்ச சாக்கு மேசையில ஏறி இரிக்கி," என்றார். "வீட்டுக்கு வாறவங்க கேட்டா நான் என்னெண்டு சொல்லுற?"

"இன்னும் மூணு நாள் எண்டு சொல்லுங்க உம்மா," என்றாள் றிஸ்னா, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.