நூறாம் நம்பர் லென்ஸ்

நான் வேலை செய்யும் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் மேல் கறுப்புத் துணியை இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்தி வைத்திருக்கிறோம். வெயில் உள்ளே வந்து விளக்கு வெளிச்சத்தோடு கலந்தால் அரக்குப் புடவை படத்தில் செங்கல் நிறமாக விழும். பட்டுக் கடையின் இரண்டாம் மாடி அது. காலையில் விளக்கைப் போட்டேனென்றால், வெளியே மழையா வெயிலா என்பது கீழே இறங்கும்வரை எனக்குத் தெரியாது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தறியில் உட்கார்ந்திருந்தேன். முட்டி மடங்காமல் போனபின் இந்தக் கடையில் புடவை மடிக்கச் சேர்ந்தேன். படம் எடுத்தவர் வேலையை விட்டுப் போனபோது, அவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கேமரா என் கைக்கு வந்தது. யாரிடமும் பேச வேண்டாத வேலை. அதனாலேயே பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி விட்டிருந்தார். "ஊட்டுல வெச்சிக்கினு பழகுபா" என்றார். நான் வீட்டில் பழகவில்லை. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றில் இறங்கி, நாணல் ஓரமாகக் குப்புறப் படுத்துக்கொள்வேன். தட்டான், குதிக்கிற சிலந்தி, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி. கிட்டப் போனால் பறந்துவிடும். எட்ட நின்றால் படத்தில் வெறும் புள்ளி. ஆனாலும் மற்ற ஆறு நாளை அந்த ஒரு நாளை நம்பித்தான் ஓட்டினேன்.

ஒருநாள் முதலாளி மேலே ஏறி வந்தார். "ஜரிகைய கிட்டத்துல காட்டு, கிட்டத்துல காட்டுன்னு வாங்குறவங்க போன்ல உயிர எடுக்குறாங்கபா. அதுக்குன்னு தனியா லென்ஸ் இருக்குதாமே?"

"மேக்ரோ" என்றேன்.

சென்னையில் ஒரு கடைக்குக் காரில் கூட்டிப்போனார். அங்கே இருந்த பெண் கண்ணாடி மேசைமேல் இரண்டு லென்ஸை வைத்தாள். ஒன்றில் அறுபது என்று போட்டிருந்தது, இன்னொன்றில் நூறு. தறிக்காரனுக்கு நம்பர் என்றால் நூல்தான். பருத்தி நூலில் அறுபதாம் நம்பரைவிட நூறாம் நம்பர் சன்னம். ஆகவே நூறு போட்ட லென்ஸ் இன்னும் சன்னமான இழையைக் காட்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"நூறாம் நம்பர்ல இன்னும் சன்னமா தெரியுங்களா?" தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"நம்பரா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டுமே ஒண்ணுக்கு ஒண்ணுதாண்ணா. ஒரு எறும்பு எவ்ளோ பெருசோ, உள்ளயும் அவ்ளோ பெருசா விழும். ரெண்டுலயும் ஒரே சைஸ். நீங்க எவ்ளோ தள்ளி நிக்கிறீங்கன்றதுதான் வித்தியாசம்."

அறுபதுக்கு நான்கு விரலைக் காட்டினாள். நூறுக்குக் கையை அகல விரித்தாள்.

"ஒரு சாண் இருக்குமா?"

"பொட்டியில சாண்லாம் போடலண்ணா."

முதலாளி பலமாகச் சிரித்தார். "எங்க ஊரு ஆளும்மா. வுட்டா லென்ஸையும் முழம் போட்டுத்தான் வாங்குவாரு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் அவள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தள்ளி நின்றபடியே அதே அளவு பார்க்கலாம். வாழ்நாள் முழுக்க நான் தேடியது அதுதான்.

"எத எடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"பொடவ" என்றார் முதலாளி.

"பொடவ என்ன பறந்தா போயிடும்? அறுபதே போதும்."

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். "நூறு" என்றேன்.

"ஏம்பா?"

"கிட்டப் போனா கேமரா நெழலு ஜரிகை மேல உழும், மொதலாளி."

அதில் பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது என் கண்முன் நின்றது ஜரிகை அல்ல, நாணல் நுனியில் உட்கார்ந்த தட்டான். திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். "ஒனக்கு இவ்ளோ பேச வருமாபா!" என்றார் முதலாளி.

மறுநாள், வெள்ளிக்கிழமை, ஒரு புடவையின் உடலும் கரையும் கோத்துக்கொள்ளும் இடத்தை எடுத்தேன். சிவப்பு இழையும் பச்சை இழையும் ஒன்றின் கழுத்தை ஒன்று வளைத்துப் பிடித்திருந்தது தெளிவாக விழுந்தது. நெய்த காலத்தில்கூட நான் அதை அப்படிப் பார்த்ததில்லை. முதலாளி அதை வாங்குகிறவர்களுக்கு அனுப்பினார். சனிக்கிழமை மாலைக்குள் எல்லோரும் எல்லாப் புடவைக்கும் அதே மாதிரி கேட்டார்கள்.

"இனிமே ஞாயித்துக்கெழமையும் வந்துடுபா. கேமரா இங்கியே இருக்கட்டும். ஆத்து மண்ணு உள்ள பூந்துட்சின்னா லென்ஸு போச்சி."

ஆற்றைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். அறுபதை வாங்கியிருந்தால் நிழல் விழுந்த சுமாரான படங்கள் கிடைத்திருக்கும், ஞாயிறு என்னிடமே இருந்திருக்கும். வெளியே போக எடுத்த லென்ஸ் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

மூன்று மாதம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு மதியம், மூச்சு முட்டுவதுபோல் இருக்கவே, கறுப்புத் துணியில் ஒரு பக்கத்துக் குண்டூசிகளைப் பிடுங்கினேன். ஜன்னல் கம்பியில் ஒரு சிலந்தி, அரிசி அளவு. நூறாம் நம்பரை அதன் பக்கம் திருப்பினேன். தள்ளித்தான் நின்றேன். அது ஓடவில்லை. எட்டுக் கண்ணில் முன்னால் இருந்த இரண்டு பெரிய கண்ணாலும் என்னையே பார்த்தது.

ஊசியைத் திரும்பக் குத்த மறந்துவிட்டேன். அன்று எடுத்த அரக்குப் புடவை செங்கல் நிறமாக விழுந்தது. முதலாளி மேலே வந்தார்.

"கலரு ஏம்பா மாறிக்கீது?"

சிலந்திப் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா கண்ணுபா இதுக்கு! நம்ம லென்ஸ்லயா?"

"ஆமா மொதலாளி." கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டேன். "ஞாயித்துக்கெழமைல..."

"அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணப் பொடவ கட்டா வருதுபா. மொதல்ல ஜன்னல மூடு."

மூடினேன். ஒவ்வொரு ஊசியாகக் குத்திக்கொண்டு வந்தேன். மேல் மூலையில் ஒன்றை மட்டும் குத்தாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் துணி இன்னும் கொஞ்சம் மடங்கித்தான் இருக்கிறது. அரக்கு நிறம் ஒரு நூல் அளவு மாறி விழுகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.